அப்பாவின் வீட்டில் வாடகைக்கு

திருகோணமலைக்கு வந்த முதல் வாரம் நான் கண்ட எல்லாரிடமும் பேசினேன். ஆட்டோக்காரர், பெட்டிக்கடைக்காரர், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், ஒருவரையும் விடவில்லை. அவர்களுக்கும் என் பேச்சைக் கேட்கப் பிடித்திருந்தது. நான் "ஆமா" என்றதும் சிரிப்பார்கள். "படத்தில கதைக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். நான் அகதி முகாமில் பிறந்தவள். ஈரோட்டுப் பக்கத்தில் ஓர் அணைக்கட்டுக்குக் கீழே தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். வீட்டுக்குள் இந்த ஊர்த் தமிழ், வாசலைத் தாண்டினால் அந்த ஊர்த் தமிழ். அங்கே எங்களைச் சிலோன்காரங்க என்றார்கள். இங்கே வந்து இறங்கிய அன்றைக்கே நான் இந்தியாக்காரப் பிள்ளை.

அதிகாரிகள் என்னை "நாடு திரும்பியவள்" என்றார்கள். ஒருதரமும் பார்த்திராத நாட்டுக்கு எப்படித் திரும்புவது என்று அவர்களிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எனக்கு இது வெளிநாடுதான். காசு வேறு, பஸ்ஸின் நிறம் வேறு, தேத்தண்ணிக்குள் இருக்கும் சீனி வேறு.

வீட்டில் பேசி முடித்திருந்தது இதுதான்: நான் முதலில் போவது, வேலை ஒன்று எடுப்பது, இருக்க ஓர் இடம் பிடிப்பது. பிடித்துவிட்டால் அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் வருவார்கள். பிடிக்காவிட்டால் என்ன என்பதை ஒருவரும் பேசவில்லை. முகாமில் என் பதிவை வெட்டியாயிற்று. திரும்பிப் போனாலும் அந்த வாசலில் எனக்கு இடமில்லை. பெண்கள் விடுதி ஒன்றில் மாதக் கடைசிவரை கட்டில் தந்திருந்தார்கள், அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

வணிகவியல் பட்டம் கையில் இருந்தது. ஆங்கிலம் இருந்தது. வேலை கிடைத்துவிடும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கதிரை தந்து உட்காரவைத்து, மரியாதையாகக் கேட்டார்கள்.

"சிங்களம் தெரியுமா, தங்கச்சி?"

"ரெண்டு மாசத்துல படிச்சிருவேன் சார்."

"அப்ப ரெண்டு மாதத்தால வாங்கோ."

அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே வரச் சொன்னார். அடுத்த இடத்தில், இந்தியப் பட்டம் இங்கே செல்லுமா என்று தெரியாது என்றார்கள். அதற்கடுத்த இடத்தில் என்னைவிட இளமையான ஒரு பெண், நான் எழுதிக் கொடுத்ததை வாங்கி மின்விசிறிக் காற்றில் பறக்காமல் ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தாள். அந்தக் கோப்பைக்குக் கீழே என்னைப்போல இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

அப்பா தினமும் அழைப்பார். வேலை பற்றிக் கேட்டுவிட்டு, வேறேதோ கேட்க வந்ததுபோல நிறுத்துவார். ஒருநாள் கேட்டார். "அந்தப் பக்கம் போனனியே, பிள்ளை?"

அவர் பிறந்த வீட்டைத்தான் சொன்னார். பன்னிரண்டு வயதில் அந்த வீட்டிலிருந்து ஓடியவர். மீன் இறங்கும் துறைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை, ஒரு வண்டி போகிற அகலம். வீட்டு வளவின் மூலையில் பெரிய வாகைமரம், முன்பக்கம் கிணறு. கேற்றைத் திறந்தால் கிணறுதான். அப்படி ஒரு வீடு அந்தப் பக்கத்தில் வேறு இல்லையாம்.

"றோட்டில நிண்டு பாத்திட்டு வா," என்றார். "ஒருத்தரோடையும் கதைக்காத."

கதைக்காத என்று என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

வாகை இல்லை. அதன் அடிக்கட்டை இருந்தது, அதில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். கிணறு இருந்தது. கேற்றடியில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு முஸ்லிம் பெண், சைக்கிளில் வந்த மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பாரை ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"இது மௌத்தாப் போய் மூணு நாளாகும் தம்பி. இதயா விக்கிற?"

"காலமை பிடிச்சது, ராத்தா. கண்ணைப் பாருங்க."

"கண்ணத்தான் பாக்கிற. என்னயே பாக்குதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு போய் நின்று, "இது எங்க அப்பா பிறந்த வீடு" என்றேன்.

மகிழ்ச்சியாகத்தான் சொன்னேன். மீன்காரர் தராசைப் பெட்டிக்குள் வைத்தார். பாரையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, காசு பிறகு வாங்குகிறேன் என்பதுபோலத் தலையை அசைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வசனத்தை இந்த ஊரில் ஒரு வாசலில் நின்று சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. சண்டையில் ஓடிப்போனவர்களின் வீடுகளில், வேறிடத்திலிருந்து ஓடிவந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த வீடுகளில் இன்னொருவர். யாரும் அதைப் பேசுவதில்லை. பேசுகிறவருக்குப் பின்னால் நில அளவைக்காரரும் சட்டத்தரணியும் வருவார்கள்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வீதியைப் பார்த்தார்.

"எத்தின பேர் வந்திரிக்கீங்க?"

"நான் மட்டும்தாங்க."

"வேற ஒருத்தரும் இல்லயா?"

"இல்லங்க."

மீனை மற்றக் கைக்கு மாற்றினார். "சாப்பிட்டீங்களா, மகள்?" என்று கேட்டார்.

கணவர் இறந்து, ஒரே மகள் கத்தாரில் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்ய, அந்த வீட்டில் அவர் தனியாக இருந்தார். தனி ஆளின் வீட்டில் எனக்குச் சோறு ஏற்கெனவே இருந்தது. போட்டுத் தந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அடுப்பிருந்த குசினியின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரவில்லை. நீங்க சாப்பிடலையா என்று கேட்டதற்கு, நான் பொறகு என்றார். அக்கா என்ற முறையில் எல்லாரும் கூப்பிடுவதுபோல நானும் அவரை ராத்தா என்று கூப்பிடத் தொடங்கினேன். விடுதிக் கட்டிலையும் வேலை கிடைக்காத கதையையும் அந்த ஒரு சாப்பாட்டுக்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

பின்னேரம் அவருடைய தம்பி வந்தார். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர். அண்ணன் என்பதற்கு இவர்களிடம் நானா. மீன்காரர் சொல்லித்தான் வந்திருக்க வேண்டும். உட்காருவதற்கு முன்னமே கேட்டார்.

"உறுதி இரிக்கா?"

"என்ன உறுதி, நானா?"

"வீட்டு உறுதி. பத்திரம்."

"அது கடல்ல போச்சுன்னு அப்பா சொல்வார்."

"கடல்ல போனதா, கொப்பி கிடக்கா?"

"புள்ளைய விசாரிக்காத," என்றார் ராத்தா. "வேல தேடி வந்த புள்ள. ஒன்ட கம்பனில ஒரு வேலையக் குடு. மகள்ட அறை சும்மாதானே கிடக்கு, இஞ்ச இரிக்கட்டும்."

"ராத்தா, ஆரு எவரு எண்டு..."

"குடு எண்டாக் குடு."

ஒரு மத்தியானத்துக்கும் ஒரு பின்னேரத்துக்கும் இடையில் எனக்கு வேலையும் கிடைத்தது, அறையும் கிடைத்தது. அன்று அப்பாவை வீடியோவில் அழைத்து, ஓடி ஓடிப் படம் பிடித்துக் காட்ட முயன்றேன். அவர் தன் பக்கத்துத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். "காட்டாத," என்றார். சற்றுப் பொறுத்து, "கிணத்துத் தண்ணி இன்னும் உப்புச் சவரோ?" என்று மட்டும் கேட்டார்.

ஐஸ் வேலை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. வெளியே கண் எரிக்கும் வெயில், உள்ளே உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறங்கியிருக்கும் தகரப் பெட்டிகள், தரையில் வழுக்கி வரும் கட்டிகள், அதை அரைக்கும் இயந்திரத்தின் சத்தம். பலநாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் கடலுக்குப் போகுமுன் ஐஸ் ஏற்ற வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சண்டை பிடிப்பார்கள். படகோட்டிகள் பெரும்பாலும் சிங்களவர்கள், அதனால் எண்களைத்தான் முதலில் படித்தேன். பிறகு திட்டுவதற்கான சொற்களை. அவர்களே சிரித்துச் சிரித்துச் சொல்லித் தந்தார்கள். படகுகள் கரைக்கு வருமுன்னமே எத்தனை கட்டி வேண்டும் என்று அனுப்ப வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். சண்டை குறைந்தது. முதலாளி பாராட்டவில்லை. ஆனால் என் மேசைக்கு ஒரு மின்விசிறி வந்தது.

வீட்டில்தான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ராத்தா என்னை எதற்கும் கேட்பார். "முருங்கைக் கொப்பு கூரையில முட்டுது, வெட்டட்டா மகள்?" "இந்த அலுமாரிய அந்தப் பக்கம் தள்ளட்டா?" அவருடைய வீட்டில் அவருடைய முருங்கையை வெட்ட என்னிடம் அனுமதி. வாடகையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அடுத்த வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலால் கதைத்துக்கொண்டிருப்பார்கள், நான் கிணற்றடிக்கு வந்தால் கதை நின்றுவிடும். ஒருநாள் விடியலில் நான் முகம் கழுவக் குனிந்து நின்றதைப் பின்னாலிருந்து பார்த்து ராத்தா கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டார். வாளி உருண்டு போய் வாகைக் கட்டையில் முட்டி நின்றது. "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று நெஞ்சைத் தடவினார்.

வியாழன் பின்னேரங்களில் சாம்பிராணிச் சட்டியை ஏந்தி அறை அறையாகப் போவார். என் அறை வாசலுக்கு வந்ததும் உள்ளே வரமாட்டார். நிலைப்படிக்கு வெளியே நின்று, முந்தானையால் புகையை உள்ளே விசிறி அனுப்புவார். நான் கட்டிலில் இருந்து அந்தப் புகைக்குள்ளால் அவரைப் பார்ப்பேன். அவர் உதடு அசைந்துகொண்டிருக்கும். தன் வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிற பார்வை இல்லை அது. நான் சத்தமில்லாமல் நடக்கத் தொடங்கினேன். கதவை மெல்லச் சாத்தினேன். பாட்டுக் கேட்பதை நிறுத்தினேன். இப்படி நடந்தால் இன்னும் மோசம் என்று பிறகுதான் புரிந்தது.

அவர் சாப்பிட்டதை நான் ஒருநாளும் காணவில்லை.

"ராத்தா மெலிஞ்சிட்டா," என்றார் முதலாளி ஒருநாள், ஐஸ் அரைக்கும் சத்தத்துக்கு மேலால். "நீ அவக்கு என்ன சென்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல, நானா."

"ஒண்டும் செல்லாம ஒரு மனிசி இப்பிடி மெலியாது."

அன்று வியாழன். சாம்பிராணிச் சட்டியோடு என் வாசலில் நின்றவரிடம் நேராகக் கேட்டேன். நான் என்ன பிழை விட்டேன், ஏன் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, சொல்லுங்கள் என்றேன். அவர் சட்டியை நிலத்தில் வைத்தார். நிலைப்படிக்கு அந்தப் பக்கமே குந்தினார்.

"மூதூரில இரிந்து ஓடி வந்த நேரம் மகள். புள்ள இடுப்பில. தம்பி சின்னவன், பசியில அழக்கூட ஏலாமப் போயிட்டான். இந்த ஒழுங்கையில வீடெல்லாம் தொறந்து கிடந்திச்சி. இந்தக் குசினிக்க வந்து பாத்தா, அடுப்பில சோத்துப் பானை. தொட்டுப் பாத்தன், சூடு. பக்கத்தில சூடை மீன் கறி, மூடி வச்சிரிந்திச்சி. வீட்டுக்காரர், வீட்டுக்காரர் எண்டு கூப்பிட்டம். கிணத்தடி வரைக்கும் போய்க் கூப்பிட்டம். ஆருமில்ல. தின்டம். எல்லாத்தையும் தின்டு முடிச்சம்."

"பசியில சாப்பிட்டதுல என்ன இருக்கு, ராத்தா?"

"கேக்காமத் தின்டது. உசிரோட இரிந்தா ஒருநாள் மாப்புக் கேக்கலாம். பொறகு கதை வந்திச்சி, அண்டைக்குப் போன வள்ளமெல்லாம் கவுந்த எண்டு. மௌத்தானவங்கட்ட எப்பிடிக் கேக்கிற? அண்டையில இரிந்து நான் ஒலையில ஒரு சுண்டு அரிசி கூடத்தான் போடுற. ஆரும் வந்தாக் குடுக்க. தினமும் ஆராவது வந்து தின்டுட்டுத்தான் போற. ஆனா அந்த வீட்டு ஆள் வரும் எண்டு நான் நினைக்கல்ல." சாம்பிராணிப் புகையைக் கையால் விலக்கினார். "நீ கேற்றடில நிண்டு சென்ன நேரம், ஒனக்குக் கால் இரிக்கா எண்டுதான் பாத்த."

அந்தப் பானையை எனக்குத் தெரியும். அந்தக் கறியையும் தெரியும். முகாமில் கல்லரிசிச் சோறு வடித்த நாட்களில் அப்பா அதைத்தான் சொல்வார். அவருடைய அம்மா சோற்றை வடித்து வைத்திருந்தாராம். தட்டை எடுத்துக்கொண்டு உட்காரப் போன நேரம் வெளியில் சத்தம். திரும்பி வந்து சாப்பிடலாம் என்று மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாராம். அவர்களுடைய வள்ளம் கவிழவில்லை. ஆனால் வள்ளத்தில் வந்த வழி முழுக்க அப்பா அந்தச் சோற்றுக்காக அழுதாராம். "அந்தச் சோத்துக்குப் பிறகு நான் அவிச்ச ஒண்டும் இந்தாளுக்குச் சோறில்ல" என்று அம்மா நக்கலடிப்பார். எங்கள் வீட்டில் அது ஒரு பகிடி. நானும் சிரித்து வளர்ந்திருக்கிறேன்.

அதை நான் ராத்தாவிடம் சொல்லவில்லை. அப்பாவோடு பேசுகிறீர்களா என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் அழைப்பெடுத்துக் கொடுத்தேன். ராத்தா கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போனார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. முழுவதையும் முதலில் இருந்து சொன்னார். அப்பா இடைமறிக்கவில்லை. முடிந்தபோது முகாமின் தண்ணீர்க் குழாயடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நாங்கள் சாப்பிட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள், ராத்தா," என்றார் அப்பா. "வயிறு நிறையச் சாப்பிட்டனாங்கள். மிச்சத்தைத்தான் விட்டிட்டு வந்தனாங்கள். நாய் தின்ன இருந்ததை நீங்கள் சாப்பிட்டீங்கள். நல்லதுதானே."

"சாப்பிட்டீங்களா?"

"ஓம், ராத்தா. எனக்கு நல்ல ஞாபகம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ராத்தா. கைபேசியை என்னிடம் தந்தார். அடுப்பை மூட்டினார்.

எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. அப்பாவின் பொய்யில் இவ்வளவு அழகு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இனி இந்த வீட்டில் இருக்கலாம், வாடகை கொடுக்கலாம், ஏச்சு வாங்கலாம், அம்மா வந்து இந்தக் குசினியில் இவரோடு சண்டை பிடிக்கலாம் என்று மனம் ஓடியது.

"உங்கட வாப்பா நல்ல மனிசன்," என்றார் ராத்தா, அரிசியைக் களைந்துகொண்டே. "ஆனாப் பொய் செல்லத் தெரியாது."

"ஏன் ராத்தா?"

"பானை நெறஞ்சிரிந்திச்சி, மகள். அகப்பை போட்ட அடையாளமே இல்ல."

அவர் உலையைப் பார்த்தபடியே மிச்சத்தையும் சொன்னார். "நீ நல்ல புள்ள. ஆனா நீ வீட்டில இரிக்கக்க எனக்குச் சோறு எறங்குதில்ல. செத்தவங்களுக்கு ஒரு சுண்டு கூடப் போட்டுட்டு நான் தின்ட. உசிரோட இரிக்கிற ஆளுக்கு முன்னால என்னால ஏலா. இது உங்கட வீடு. வாப்பா உம்மா எல்லாரையும் கூப்பிடு. நான் தம்பிட வீட்ட போயிருவன். தம்பியோட நான் கதைக்கிறன்."

அன்று முழுக்க ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் இருந்துகொண்டு அந்த வீட்டில் ஆட்களை வைத்துப் பார்த்தேன். முன் அறையில் அப்பா. ஜன்னலடியில் அம்மாவின் தையல் இயந்திரம். தம்பிக்கு என் அறை. எல்லாம் சரியாகப் பொருந்தியது. உறுதி வேண்டாம், வழக்கு வேண்டாம், ஒரு பெண் தானாகவே தருகிறார். எதற்காக வந்தேனோ அது கையில் இருந்தது. குசினிக்கு வரும்போது மட்டும் படம் நின்றுவிடும். அந்த அடுப்பில் நான் சோற்றை வடிக்கிறேன், அவர் ஊரின் இன்னொரு பக்கத்தில் சாப்பிடாமல் இருக்கிறார். உலையில் எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "வேண்டாம். அவையும் ஓடி வந்த ஆக்கள்தானே. நீ வேற இடம் பார்."

நான் போகிறேன் என்று சொன்னபோது ராத்தா மறிக்கவில்லை. அழவுமில்லை. என் பையை அவரே தூக்கி வந்து கேற்றடியில் வைத்தார். நான் கடைசியாக ஒருமுறை கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது, குசினி ஜன்னலுக்குள்ளால் அவர் நின்றுகொண்டே ஒரு வாய் சோறு எடுத்து வைப்பது தெரிந்தது. நான் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டேன்.

வேலையும் போய்விடும் என்று எண்ணி முதலாளியிடம் போனேன்.

"உறுதியும் இல்ல. தந்த வீடும் வேணாங்கிற," என்றார். "அப்ப எதுக்குத்தான் வந்த நீ?"

"வேலைக்கு, நானா."

"அப்ப நாளைக்கு நேரத்தோட வா. படகு நெறய வருது."

மழை தொடங்கும் முன் ஒரு வீடு கிடைத்தது. கடலுக்குக் கொஞ்சம் தள்ளி, வேறு ஒழுங்கை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர், பிள்ளைகளோடு அடுத்த தெருவில் இருப்பவர். திறப்புக் கொத்தைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஆர் நீங்கள், எந்த இடம்?"

"இந்தியா," என்றேன்.

"அப்பா அம்மாவுமோ?"

"ஆமா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. திறப்பைத் தந்தார். மின்சாரக் கட்டணம் அவரவர் பொறுப்பு, கண்டபடி லைட் எரிக்கக்கூடாது, குப்பையைச் சந்தியில் போட்டால் ஏச்சு விழும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது இதமாக இருந்தது.

வெறும் வீட்டுக்குள் நின்று அப்பாவை அழைத்தேன். இரண்டு அறை இருக்கிறது என்றேன். குழாய்த் தண்ணீர், சவரில்லை என்றேன். அம்மாவுக்கு ஜன்னல் இருக்கிறது என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார்.

"பழைய வீடோ?" என்று கேட்டார்.

"பழசுதான். சுவர் எல்லாம் கனமா இருக்கு."

"முந்தி ஆர் இருந்தவை?"

"கேக்கலப்பா."

நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

"கேளாத, பிள்ளை," என்றார்.